நடுவில் வந்த ‘முற்றும்’

உலக இலக்கியத்தின் மாபெரும் கோட்பாடுகள் எல்லாம் இதுவரை பாரிஸ், மாஸ்கோ போன்ற சிற்றூர்களில்தான் பிறந்திருக்கின்றன. அந்தக் குறையைத் தீர்க்கவே ‘மீட்சிக் கோட்பாடு’ இரும்புலியூரில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்து ஹாலில் அவதரித்தது. மோட்டார் ஓடும்போது கோட்பாடு காதில் விழாது என்பதைத் தவிர அதில் சொல்லும்படியான குறை எதுவும் இல்லை.

அதைப் பெற்றெடுத்தவர் தோத்தாத்ரி. தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர். ‘இரும்புலியூர் செவ்வியல் நாவல் ஆய்வு மைய’த்தின் நிறுவனர், தலைவர், சிறப்புப் பேச்சாளர். செயலாளர் சாலமன், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மற்ற உறுப்பினர்கள் எத்தனை பேர் என்பது அன்றைய மசால் வடையைப் பொறுத்தது.

கோட்பாடு இதுதான்: உலகத்து நாவலாசிரியர்கள் அத்தனை பேரும் கூடிப் பேசி ஒரு சதி செய்திருக்கிறார்கள். போன காலத்தைத் தேடிப் போகிறவனை மூக்கறுத்து அனுப்புவதே அவர்கள் தொழில். ஒருவன் பழைய காதலியைத் தேடிப் போவான். மூட்டு வலிக்கு என்ன தைலம் நல்லது என்று அவள் அவனையே கேட்பாள். இன்னொருவன் பிறந்த வீட்டைத் தேடிப் போவான், அங்கே ஏ.டி.எம். இருக்கும். போனது போனதுதான் என்று கடைசி அத்தியாயத்தில் பெருமூச்சு விட்டுவிட்டு ஆசிரியர் ராயல்டி வாங்கிக்கொள்வார்.

“இது இலக்கியமே இல்லை, கோழைத்தனம்” என்று தோத்தாத்ரி மேஜையைத் தட்டுவார். “எல்லாரும் கோழைகள். ஒருத்தர் மட்டும்தான் தைரியமா உண்மையைச் சொன்னார்.”

அந்த ஒருத்தர் எழுதியது ‘பங்கஜம் நின்ற பாலம்’. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வார இதழில் வந்து, புத்தகமாகாமலே போன தொடர்கதை. இதழ்களிலிருந்து பிரித்து பைண்டு செய்த ஒரே பிரதி தோத்தாத்ரியிடம்தான் இருந்தது. வேறு யாரும் படித்திராத காரணத்தால் கோட்பாட்டை மறுத்துப் பேசவும் ஆளில்லை.

கதையில் ரகுநாதன் என்கிற இளைஞன் பங்கஜத்தைப் பாலத்தில் நிற்க வைத்துவிட்டு டெல்லிக்குப் போய்விடுகிறான். தலை நரைத்தபின் திரும்பி வருகிறான். பங்கஜம் அவனைப் பார்த்து, “தாங்கள் யார்?” என்று கேட்டுவிட்டு நடக்கிறாள். முற்றும். சாதாரண வாசகன் இங்கே புத்தகத்தை மூடிவிடுவான். தோத்தாத்ரி மூடவில்லை. மூட முடியாது, ஏனென்றால் அதற்கு அப்புறம் இன்னும் நூறு பக்கம் இருந்தது. அதில் பங்கஜம் ரெட்டைச் சடையோடு வந்து ரகுநாதனோடு படகில் போகிறாள், மாங்காய்க்கு உப்புத் தொட்டுக்கொள்கிறாள், பாலத்தில் நின்று சத்தியம் செய்கிறாள். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி, ‘தொடரும்’.

“கவனிக்கணும்” என்பார் தோத்தாத்ரி. “முற்றும்னு போட்டப்புறமும் கதை போறது. கடைசியில தொடரும்னு போட்டு நிறுத்தறார். எந்த அத்தியாயத்துக்கும் நம்பரே இல்லை. காலத்துக்கு ஏது நம்பர்? மனுஷன் காலத்தையே மடிச்சுட்டார்.”

“அவர் மடிச்சாரா, பைண்டர் மடிச்சாரா சார்?” என்று சாலமன் ஒருமுறை கேட்டார். இது இலக்கிய வினா அல்ல என்று தலைவர் தள்ளுபடி செய்தார்.

பிரதியின் வரலாறு புனிதமானது. நாற்பதாண்டுக்கு முன்னால் தாம்பரத்தில் ரயிலேறுகிற தோத்தாத்ரியும் குரோம்பேட்டையில் ஏறுகிற பாலாம்பாளும் ஒரே வண்டியில் வேலைக்குப் போனார்கள். அவள் பள்ளிக்கூட டீச்சர். வாராவாரம் கதையைப் பிரித்து, ஒவ்வொரு வாரத் தாளையும் தனித்தனியாக வெள்ளை நூலால் தைத்து, முடிந்ததும் மொத்தக் கட்டையும் அவரிடம் கொடுத்தாள். “படிச்சுட்டுத் தாங்கோ” என்றாள். அப்போது அவருக்குக் கதையில் நாட்டமில்லை, கொடுத்தவளிடம் இருந்தது.

ஆனால் பாலாம்பாளின் அப்பா நெற்றியில் கோடு குறுக்கே போகும்; தோத்தாத்ரி வீட்டில் நெடுக்கே. இந்த இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடம் கணக்குப் புத்தகத்தில் உண்டு, அன்றைய தாம்பரத்தில் கிடையாது. கட்டு கைமாறிய அதே மாலை, குரோம்பேட்டை ஸ்டேஷன் நடைபாலத்தில் நின்று, “அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். அம்மா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டாள். தாய் சொல்லைத் தட்டாத தோத்தாத்ரி மறுநாளிலிருந்து ரயிலையே துறந்தார். தாம்பரத்திலிருந்து பாரிமுனை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போவது எப்பேர்ப்பட்ட தியாகம் என்று மையத்தின் ஆண்டு விழாதோறும் தழுதழுத்த குரலில் விளக்குவார். அம்மாவின் பிடிவாதத்தைச் சொல்லும் இடத்தில் உறுப்பினர்கள் வடையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

பிறகு அம்மா பார்த்து வைத்த பெண் முப்பது சொச்சம் வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அவளுக்குக் கோட்பாட்டில் ஓர் அடிக்குறிப்புகூட இல்லை.

2015 டிசம்பரில், அப்போது அவர் குடியிருந்த முடிச்சூர் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. பீரோவின் அடித்தட்டில் பிரிக்காமலே கிடந்த கட்டு ஊறிப்போயிற்று. தோத்தாத்ரி ஒவ்வொரு வாரத் தாளையும் மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, எது முதலில் காய்ந்ததோ அதை முதலில் எடுத்து அடுக்கினார். மேல் ஓரமெல்லாம் மக்கியிருந்ததால் பைண்டர் அதை வெட்டிவிட்டார். அத்தியாய எண்களும் அதோடு போயின. ஓய்வு பெற்றபின் இரும்புலியூர் ஃபிளாட்டில் மகன் ஜெயகிருஷ்ணனோடு குடியேறி, முதல் தடவையாகப் படித்துப் பார்த்தபோதுதான் காலம் மடிந்திருப்பது அவருக்குத் தெரிந்தது.

“தியரி போதும் சார், பிராக்டிகல் எப்போ?” என்றார் சாலமன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. “அந்த டீச்சரம்மா குரோம்பேட்டைலதான் கீறாங்க. எம் பொஞ்சாதி சாராளோட வாக்கிங் போறாங்க. அவங்க வூட்டுக்காரரு போய் ஏழெட்டு வருசம் ஆவுதாம்.”

மோட்டார் ஓடவில்லை. ஆனாலும் தோத்தாத்ரிக்குச் சற்று நேரம் எதுவும் காதில் விழவில்லை. மகனும் மருமகளும் ஆபீஸ் போனபின் அந்த ஃபிளாட்டில் பகல் முழுக்கப் பேச்சுத் துணைக்கு டி.வி.தான். கோட்பாடு கிடக்கட்டும், அவருக்கு உண்மையிலேயே ஆசையாக இருந்தது.

மையம் தீர்மானம் நிறைவேற்றியது: அதே பாலம், அதே படி, ‘செய்முறை விளக்கம்’. பார்வையாளர் குழுவாகச் சாலமன் பிளாட்ஃபாரம் டிக்கெட்டோடு நிற்பார். தோத்தாத்ரி தலைக்கு டை அடித்தார். தாம்பரம் மார்க்கெட் தையல்காரரிடம் அந்தக் காலத்து நீளக் காலர் வைத்துச் சட்டை தைத்தார்.

“என்னப்பா, ஏதாவது ஃபங்ஷனா?” என்று கேட்டாள் மருமகள் ப்ரியா.

“ஆய்வு” என்றார்.

ஜெயகிருஷ்ணனிடம் சொல்லவில்லை. பாவம், ஆபீஸிலிருந்து களைத்து வருகிற பிள்ளை.

குறித்த மாலையில், கனகாம்பரப் பொட்டலம் ஒரு கையிலும் பிரதி இன்னொரு கையிலுமாகத் தோத்தாத்ரி படியில் நின்றார். வண்டி விட்டு இறங்கிய கூட்டம் அவரை இரண்டு படி கீழே தள்ளியது. கோட்பாட்டுக்காக மறுபடி ஏறி நின்றார். அடையாளமே தெரியாமல் போகும் என்று உலக நாவல்கள் அத்தனையும் பயமுறுத்தியிருந்தன. தெரிந்தது. தோளில் பை, கையில் குடை, அதே வேக நடை.

“என்னைத் தெரியறதா?” என்று கேட்க அவர் ஒத்திகை பார்த்திருந்தார்.

“தோத்தாத்ரிதானே?” என்றாள் பாலாம்பாள். “தலை ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு? புஸ்தகம் கொண்டு வந்தேளா? திருப்பித் தரப்போறேள்னு சாலமன் சார் சொன்னாரே.”

சாலமன் தலையைத் திருப்பிக்கொண்டு ரயில் நேர அட்டவணையை ஊன்றிப் படிக்கலானார்.

அவள் பிரதியை வாங்கிப் புரட்டினாள். புரட்டப் புரட்ட நெற்றி சுருங்கியது. “என்ன இது, வளைகாப்பு முன்னாடி, பொண்ணு பார்க்க வர்றது அப்புறம்னு இருக்கு?” என்று கேட்டபடியே பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். அங்கேயே கைப்பிடியில் புத்தகத்தைச் சாய்த்து ஒன்று, இரண்டு என்று நம்பர் போடத் தொடங்கினாள்.

தோத்தாத்ரி கோட்பாட்டை எடுத்துச் சொன்னார். வெள்ளம், கொடி, கிளிப் எதையும் சொல்லவில்லை. “முற்றும்னு போட்டதுக்கு அப்புறமும் கதை இருக்கே, பாலா” என்று முடித்தார்.

“அது அப்புறம் இல்லை” என்றாள் அவள், நிமிராமலே. “முன்னாடி. முன்னாடி நடந்ததை எடுத்துக் கடைசியில சொருகிண்டா, அது இனிமே நடக்கப்போறதுன்னு ஆயிடுமா?”

கீழே ஒரு வண்டி போயிற்று. சத்தம் அடங்கியதும் அவள் நிமிர்ந்தாள்.

“அது இருக்கட்டும். அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு வரேன்னு போனேள். நானும் ஒரு மாசம் அதே வண்டியில பார்த்தேன், ஆளைக் காணோம். என்ன சொன்னா அம்மா?”

தோத்தாத்ரி நீளக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆண்டு விழா உரை மனப்பாடமாகத்தான் இருந்தது. அந்தப் படியில் நின்றுகொண்டு அது வாயில் வரவில்லை.

“கேக்கலை” என்றார்.

“என்னது?”

“அம்மாட்ட நான் கேக்கவே இல்லை. பயமா இருந்தது.”

ஆண்டு விழாதோறும் முடியாது, முடியாது என்று அடம்பிடித்த அந்த அம்மாள், பாலாம்பாள் என்று ஒருத்தி இருந்ததே தெரியாமல் கண்ணை மூடியிருந்தாள்.

பாலாம்பாள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. பேனாவை மூடினாள். “சரி, அது முடிஞ்சு போச்சு” என்றாள். “இப்போ எதுக்கு வரச் சொன்னேள்? ஏதோ கேக்கத்தானே? நேரே கேளுங்கோ. நான் யாரையும் கேட்டுண்டு பதில் சொல்லணும்னு இல்லை.”

குரலில் கேலி இல்லை. உலகச் செவ்விலக்கியம் எதிலும் எந்தக் கதாநாயகனுக்கும் கிடைக்காத இடம் தோத்தாத்ரிக்குக் கிடைத்திருந்தது. கனகாம்பரப் பொட்டலம் வேர்வையில் நனைந்தது. வாயைத் திறந்தார்.

“ஜெயகிருஷ்ணன்... பையன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு வந்துடறேன்” என்றார்.

பாலாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு, சிரித்தபடியே அந்தப் பக்கம் இறங்கிப் போனாள். தோத்தாத்ரி இந்தப் பக்கம் இறங்கினார். தாம்பரம் வண்டி நின்றுகொண்டிருந்தும் ஏறாமல், ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு நடந்து பஸ் பிடித்தார்.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குத் தலைவர் வரவில்லை. சாலமன் அறிக்கையை எழுதிக்கொண்டு வந்து நின்றபடி வாசித்தார்:

“செய்முறை விளக்கம் முழு வெற்றி. கடந்த காலம் ஒரு வார்த்தை பிசகாமல் மீண்டது: அதே பாலம், அதே படி, அதே பஸ். ‘அம்மா’ என்று வர வேண்டிய இடத்தில் ‘பையன்’ என்று வந்தது அச்சுப்பிழை. உலக நாவலாசிரியர்களைக் கோழைகள் என்று சொன்னதை மையம் வருத்தத்துடன் திரும்பப் பெறுகிறது. தேடிய ஆள் இவ்வளவு நாளும் தலைமை தாங்கிக்கொண்டிருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.”