போக ஒன்று, வர ஒன்று

தீவில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனிலிருந்து எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கு ஃபெரியில் அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் நான் காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் காணிக்கையாக்கிவிடுவேன். (மீன்களுக்கு என் முகம் பழக்கம்.)

போன மாதம், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு படம் காட்டினாள். விரல்நுனி அகலத்தில் ஒரு பிளாஸ்டர். அதில் கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டி ஊசிகள். தோலில் ஒட்டினால் வலிக்காமல் தடுப்பு மருந்து உள்ளே இறங்கிவிடுமாம். "கடைக்கு வந்ததும் உங்களுக்கு ஒண்ணு ஒட்டட்டுமாப்பா?" என்றாள்.

சமையலறையிலிருந்து என் மனைவி அலறினாள்: "வேணாம்மா! உங்கப்பா ரெண்டு கேப்பாரு!"

அந்த 'ரெண்டு'க்குப் பின்னால் ஒரு கல்யாணம் இருக்கிறது.

பினாங்குப் பாலத்தின் தூண்கள் கடலுக்குள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். என் அக்கா தேவகிக்கு அக்கரையில், சுங்கை பாக்காப்பில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் சம்பந்தம் முடிந்தது. மாப்பிள்ளை வாத்தியார், அவர் வீட்டில் ஆளுக்கொரு பட்டம். எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தாலி கட்டியதும் மாப்பிள்ளையின் சித்தப்பா வாழ்த்துப்பா படிப்பார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை.

"நம்ம பக்கமும் ஒண்ணு படிக்கணும்டா. நீயே எழுது, நீயே படி. மூட்டை தூக்குறவங்க வீட்லயும் தமிழ் இருக்குனு தெரியட்டும் லா."

எழுதினேன். இருபது வயது. நிலா, மான், மயில், தாமரை, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எனக்குப் பயம் மேடையில் இல்லை, ஃபெரியில்தான். வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே போய்ச் சேர வேண்டுமே!

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த நண்பன் செல்வம், கப்பல்காரர் ஒருவரிடம் கேட்டு இரண்டு பிளாஸ்டர் கொண்டுவந்தான். காசளவு வட்டம். "காதுக்குப் பின்னால முந்தின நாளே ஒட்டிடணும். மருந்து தோல் வழியா ஊறும். வாந்தி கிட்டயே வராது."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் ஃபெரியில் போகக் காசு கிடையாது, தீவுக்குத் திரும்பி வரத்தான் காசு. ஃபெரிக்காரனுக்கே ஒரு வழிக் கணக்கு. நானோ இரு வழிக்கும் கணக்குப் போட்டேன். திரும்புவதும் அதே நாள். முந்தின நாளே ஒட்டணும் என்றால் வருவதற்கும் இப்போதே ஒட்டியாக வேண்டும். வலது காது போக, இடது காது வர.

மறுநாள் காலை ஃபெரியின் மேல்தளத்தில் நின்று முதன்முறையாகக் கடலைப் பார்த்தேன். அதுவரை பார்த்ததெல்லாம் தொங்கிய என் தலைக்கு நேர்கீழே இருந்த துண்டுக் கடல். அன்றோ முழுக்கடல். வெயில் தண்ணீரில் உடைந்து உடைந்து ஒட்டிக்கொண்டது. டீசல் புகையோடு அக்காவின் மல்லிகையும் மணத்தது. வாய் மட்டும் காய்ந்த அட்டை மாதிரி இருந்தது. ஆனந்தத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிளாஸ்டர் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அதே விரலால் கண்ணைக் கசக்கினேன்.

தாலி ஏறியது. சித்தப்பா மணிமணியாகப் படித்து இறங்கினார். என் முறை.

தாளைப் பிரித்தேன். எழுத்துகள் மழையில் நனைந்த எறும்புக் கூட்டம். கையை நீட்டிப் பிடித்தேன், இன்னும் நீட்டினேன். கை முடிந்துபோனது, எழுத்து தெரியவில்லை. சரி, மனப்பாடமாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால் உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது.

"நி... நி..."

நிலா வரவில்லை.

சித்தப்பா குனிந்து, மைக் இருப்பதை மறந்து கேட்டார்: "தம்பி, குடிச்சிருக்கிறீரோ?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை, மூட்டையோடுகூட.

முன்வரிசையிலிருந்த டாக்டர் ஒருவர் மேடையேறி என் கண்ணைப் பார்த்தார். "கண்மணி கோலிக்குண்டு மாதிரி விரிஞ்சிருக்கே!" காதை மடக்கினார். "ஓ, பிளாஸ்டர்! இதனாலதான்." மறு காதையும் மடக்கினார். "அடப்பாவி, இங்கேயும் ஒண்ணா? ஒண்ணே மூணு நாளைக்குத் தாங்குமே, ரெண்டு எதுக்கு?"

"போக... வர..." என்றேன்.

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். குடி இல்லை என்று தெளிந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்து வாழ்த்துப்பா இன்னும் என் கையிலேயே இருந்தது. அப்பாவின் தலை நிமிரவில்லை.

அக்கா மணவறையிலிருந்து மாலையோடு எழுந்து வந்தாள். "குடுடா" என்று தாளைப் பிடுங்கினாள். மைக் முன்னால் நின்றாள்.

"நிலவை நாணச் செய்யும் முகத்தாள்..."

தன்னைத் தானே புகழ்ந்துகொண்டு ஒரு மணப்பெண்! மானானாள், மயிலானாள், துளியும் கூசவில்லை. கொடியிடை வந்ததும் மட்டும் நிறுத்தி, தன் இடுப்பை ஒருமுறை பார்த்து, என்னைப் பார்த்தாள். "இது கொஞ்சம் ஓவர் லா, தம்பி." மண்டபம் குலுங்கியது. அவள் விடாமல் கடைசி வரி வரைக்கும் படித்தாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அக்காவின் மாமியார் கண்ணைத் துடைத்தபடி சொன்னார்: "இந்தப் பிள்ளை எங்கட வீட்டுக்குச் சரியான ஆள்தான்."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் வாழ்த்துப்பாவை மணப்பெண்தான் படிக்கிறாள். என் கல்யாணத்தில் என் மனைவி ஒருபடி மேலே போனாள். தானே எழுதி, தானே படித்தாள். கை தட்டலில் மண்டபம் அதிர்ந்தது. மாப்பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.