மச்சான் காட்டில் நான் விட்ட பூச்சிகள்

கழுத்தில் கேமராவும் கையில் நோட்டும் இருந்தால் நம்மூரில் எந்த முட்டாளையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிச் சார் ஆன முட்டாள் நான்.

டவுனில் பிறந்து வளர்ந்தவன். பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் வாத்தியார். பொழுது போகாமல், அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்யும் தன்னார்வலர் குழுவில் சேர்ந்து தொலைத்தேன். (வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க்கைத் தொட்டதுதான் என் தகுதி.) எனக்கு ஒதுக்கியது செட்டிகுளம் பக்கம் ஓர் ஏரிக்கரை. வாளிக்கு மேல் பல்பு, உள்ளே முட்டை அட்டைகள். வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் அட்டையில் ஒண்டிக்கொள்ளும். விடிந்ததும் படம் எடுத்து, பெயர் எழுதி, உயிரோடு விட்டுவிட வேண்டும்.

விடுவதில்தான் வந்தது வினை. வாளியைத் திறந்தால் போதும், கரண்ட் கம்பியில் காத்திருந்த கரிச்சான் குருவிகள் ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போயின. கரையை ஒட்டி என் மனைவியின் அண்ணனுடைய மக்காச்சோளக் காடு, முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது. குருவிகளைத் துரத்திவிட்டு, அட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு போய், சோளக் குருத்துக்குள் பூச்சிகளைப் பதமாக உதறினேன். மூன்று வாரம், தினமும்.

மச்சான் ஒருநாள் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ள, பூச்சியக் கொண்டாந்து நம்ம காட்டுல வுடுறீங்க?"

"ஒண்ணும் செய்யாது மச்சான். எல்லாம் இயற்கைச் செல்வம்."

"நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்த வெள்ளாமைய நம்பித்தான் பாப்பாவ நர்சிங் சேக்கணும். அதான் கேட்டேன்."

(அன்றே செருப்பால் அடித்திருக்கலாம் மனுஷன்.)

வாளியில் அதிகம் கிடந்தது சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சி. குழுவில் படம் போட்டேன். "ரொம்பச் சாதாரணம். படைப்புழுவோட தாய்ப்பூச்சி. அபூர்வமா ஏதாவது கிடைச்சா போடுங்க" என்று பதில் வந்தது. சாதாரணம் என்றதும் என் முகம் சுருங்கிவிட்டது. படைப்புழு என்றால் என்னவென்று கூகுளில்கூடத் தேடவில்லை. மச்சானிடம் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மருந்தடித்திருப்பார்.

பத்தே நாளில் இலையெல்லாம் சல்லடை. மச்சான் ஒரு குருத்தை விரித்துக் காட்டினார். மரத்தூள் போல எச்சம், நடுவில் கொழுத்த புழு.

"இதுங்களா மாப்ள நீங்க வுட்டது?"

வேளாண்மை அதிகாரி வந்து, "வட்டாரம் பூரா இப்படித்தாங்க, இவரு வுட்டதால வரல" என்றார். நான் அவர் காலில் விழாத குறை. ஆனால் வீட்டில் யாரும் நம்பவில்லை, நான் உட்பட. மாப்பிள்ளையாயிற்றே, ஒருவரும் திட்டவும் இல்லை. மாமியார் மட்டும் தோசைக்கல்லில் கரண்டியை ஓங்கித் தேய்த்தார்.

இப்போது எந்தக் கல்யாணத்திலும் பந்தி முடிந்தால் இந்தக் கதைதான். அட்டையை அணைத்துக்கொண்டு நான் பம்மிப் பம்மி நடந்ததை அச்சு அசலாக நடித்துக் காட்டுவது மச்சானின் மகள். அவள் நர்சிங் சேரவில்லை. திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டு சேலை விரித்துக் காட்டுகிறாள். லீவு கிடைத்து வரும்போதெல்லாம், "மாமா, நம்ம கதையச் சொல்லட்டுமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

சொல்லும்மா என்பேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?