கோமதி நட்சத்திரம்

வானத்தில் யாரும் பார்க்காத ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அதைப் பெண் பார்க்கப் போன வீட்டில் பறிகொடுத்தவன் நான். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே என் வெட்கம் தேய்ந்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் வேலை. அடுத்தவர் மெஷினில் கோளாறு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். (இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) வேலை முடிந்து வந்தால் கொரட்டூர் மொட்டைமாடியில் பழைய கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி நட்சத்திரக் கூட்டங்களைப் படம் எடுப்பேன். எங்கள் பகுதி வானம் தெருவிளக்கு வெளிச்சத்தில் எப்போதும் தண்ணீர் கலந்த டீ நிறத்தில் இருக்கும். அதில் நட்சத்திரங்கள் எல்லாம் சுண்ணாம்புப் பொட்டாக வெள்ளை வெளேரென்று விழும். எனக்கோ கலர் வேண்டும். கம்ப்யூட்டரில் போட்டுக் கலரைத் தூக்குவேன். ஒவ்வொரு நட்சத்திரமும் தீபாவளி மத்தாப்பு ஆகும்வரை விடமாட்டேன். கை பழகிப்போய், அம்மா வடாம் காயவைக்கிற படத்துக்கும் அதே கவனிப்புதான்.

அந்தத் தை மாதம் மண்ணூர்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் கோமதி. பெயிண்ட் கம்பெனியில் வேலை. செல்போனில் வந்த அவள் படத்தைச் சார்ஜ் தீரும்வரை பார்த்தேன். நான்கு இடத்தில் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இவளும் சொல்லிவிட்டால் தாங்கமாட்டேன் என்று தோன்றியது.

"கார்த்திகை நட்சத்திரமாம்டா," என்றார் அம்மா, ஜாதகத்தைப் பார்த்து.

தலைகால் புரியவில்லை. மற்ற மாப்பிள்ளைகள் பூவும் பழமும் கொண்டுபோவார்கள். நான் பெண்ணின் நட்சத்திரத்தையே கொண்டுபோவேன்.

இருட்டியதும் கார்த்திகைக் கூட்டம் தலைக்கு நேர் மேலே வந்தது. எடுத்தேன். கலரைத் தூக்கினேன். பெரிதாக்கிப் பார்த்தால், நீல நட்சத்திரங்களுக்கு நடுவே ரத்தச் சிவப்பில் ஒன்று. மற்றவர்கள் எடுத்த படங்களை இணையத்தில் தேடினேன். ஒருவர் படத்திலும் அது இல்லை. புத்தி உள்ளவன் என்ன நினைத்திருப்பான்? நம் கேமராவில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பான். நான், இத்தனை பேர் கண்ணுக்கும் தப்பியது என் கண்ணில் பட்டிருக்கிறதே என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

மூன்றடி அகலத்தில் ஃபிரேம் போட்டேன். என் தாய்மாமா அதை ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார். படத்துக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கேட்டது.

"இன்னா மாப்ளே, பொண்ணு பாக்கப் போறமா, கடை தொறக்கப் போறமா?"

கோமதி காபித் தட்டை வைத்ததுமே நான் எழுந்து நின்றேன். (யாரும் நிற்கச் சொல்லவில்லை.)

"இது உங்க நட்சத்திரம். நடுவுல சிவப்பா இருக்கு பாருங்க, அதை இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. அதுக்கு உங்க பேரு வெச்சிருக்கேன்."

பெண்ணின் அப்பா பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கைதட்டினார், தனியாக.

கோமதி படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப்போனாள். நேராகப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். பெயிண்ட் அடித்த பலகைகளைப் பகல் வெளிச்சத்தில் வைத்து, கலர் பொருந்துகிறதா, புள்ளி ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை என்று எனக்கு அப்போது தெரியாது.

"இதே கேமராவுல எடுத்த வேற படம் இருக்குங்களா?"

இருந்தவை எல்லாம் செல்போனிலும் இருந்தன. பெருமையாக நீட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"உங்க அம்மா மூக்கு மேலயும் இருக்குங்க."

"எது?"

"நான்."

எனக்குப் புரியவில்லை. அவள் அடுத்த படத்துக்குப் போனாள்.

"மாமா காதுல இருக்கேன். பருத்திப்பட்டு ஏரியில தண்ணி நடுவுல இருக்கேன். எல்லாத்துலயும் ஒரே எடத்துல. உங்க கேமராவுல ஒரு புள்ளி கெட்டுப்போயிருக்குங்க."

லிஃப்ட் இல்லாத லிஃப்ட் குழி ஒன்று அங்கே இருந்திருந்தால் குதித்திருப்பேன். மாமாதான் செல்போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நிதானமாகப் பார்த்தார்.

"ஏம்மா, அப்போ எங்க ஊட்டு ஃபோட்டோல எல்லாம் நீ முன்னாடியே வந்து குந்திகினு கீறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோமதி அதைப் பார்த்துவிட்டாள்.

நான் செருப்பு மாட்டும்போது வாசலுக்கு வந்தாள்.

"நீலமும் இது இல்லீங்க. வெளிச்சம் ஜாஸ்தி உட்டா கலர் வெளுத்துடும். அப்புறம் மேல மேல ஏத்துனா எப்படி வரும்? கொஞ்சமா வெளிச்சம் உட்டு எடுங்க."

"எடுத்து அனுப்பட்டுமா?"

"ம்."

மறுநாளே எடுத்தேன். வெளிச்சத்தைக் குறைத்து, கலரைத் தூக்காமல். கடைசி அலசலில் வேட்டிக்கு ஏறுகிற சொட்டுநீலம் போல மெல்லிய நீலம் வந்தது. வானத்தில் அந்த நிறம் எப்போதும் இருந்திருக்கிறது, நான்தான் இருக்கவிடவில்லை. சிவப்புப் புள்ளியை அழிக்கவும் கற்றுக்கொண்டு, சுத்தமான படத்தை அனுப்பிவிட்டு, செல்போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பதில் வந்தது.

"கலர் சரியா இருக்கு. நான் எங்க?"

அந்தப் பங்குனியிலேயே கல்யாணம். இப்போது, கோமதி ஷிஃப்ட்டில் இருக்கும்போது நானும் எங்கள் மகளும் எடுக்கும் படங்களில் மகள் முதலில் தேடுவது அந்தப் புள்ளியைத்தான். "அம்மா இருக்காங்க," என்று சொன்ன பிறகுதான் மற்றதைப் பார்ப்பாள். யாராவது தெரியாமல் அழித்துவிட்டால் வீட்டில் பஞ்சாயத்துதான்.

போன வாரம், புது கேமரா வாங்கலாமா என்று கேட்டேன். கோமதி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அதுல நான் இருக்கமாட்டேனே."

பழைய கேமராவுக்கு ஒரு புது பேட்டரி மட்டும் வாங்கிப் போட்டேன்.