இடப்பக்கம் மட்டும் புதுசு

தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் மோட்டார்க்காரர் அந்தப் பழைய பிக்கப் வண்டியை இன்னொரு தடவை சுற்றி வந்தார். முதல் சுற்றில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் வண்டி நேற்று வாங்கியது போல நீலமாகப் பளபளத்தது. வலப்பக்கத்தில் நிறம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. முன்னால் வந்து நின்றால், பானெட்டின் நடுவோடு நீலம் நின்று போயிருந்தது.

"பெயின்ட் என்ன பாதியிலேயே நிக்குது?"

"அடிச்சவருக்குத் திடீர்னு வேற வேலை வந்துடுச்சு சார். கிளம்பிட்டார்," என்றார் வண்டியின் சொந்தக்காரர். ஒல்லியான, பணிவான மனிதர். கையைக் கட்டிக்கொண்டுதான் பேசுவார்.

மோட்டார்க்காரர் கதவைத் திறந்தார். மீட்டர் நாலு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் காட்டியது. ஆனால் சீட்டோ புத்தம் புதுத் துணியில், இரட்டைத் தையலோடு இருந்தது. குனிந்து அடியில் பார்த்தார். சேஸிஸ் முழுக்கத் துரு. அந்தத் துருவுக்கு நடுவே ஒரே ஓர் இடத்தில், கை தேர்ந்த யாரோ வைத்த வெல்டிங். சீட்டுக்கும் சேஸிஸுக்கும் இவ்வளவு பார்த்துச் செய்கிறவர் ஒரு டப்பா பெயின்டிலா கஞ்சத்தனம் காட்டுவார்? அவருக்குத் தலை சுற்றியது.

வண்டி அவருக்கு அவசியம் வேண்டும். திங்கட்கிழமை முதல் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார்கள் எல்லாம் அவர் பொறுப்பு. சொந்த வண்டி இருக்கிறது என்று வாய் கூசாமல் சொல்லித்தான் அந்த வேலையைப் பிடித்திருந்தார். இன்று சனிக்கிழமை.

காலையில் அவர் மனைவி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். "குறையைச் சொல்லுங்க, விலையைக் குறைங்க, வந்து சேருங்க. கையை மட்டும் வெச்சுடாதீங்க." அவள் பயம் அவளுக்கு. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் ஸ்டூல் போட்டு ஏறி ஃபேனைக் கழற்றியவர் அவர்.

சாவியைத் திருகினார். வண்டி முனகிவிட்டு அடங்கியது.

"செல்ஃப் எடுக்கலையே. இதுக்கு விலையில குறைக்கணும்."

"தாராளமா குறைச்சுக்கலாம் சார்," என்றார் சொந்தக்காரர். பிறகு தயங்கித் தயங்கி, "ஆனா அது எதனால சார் அப்படி?" என்று கேட்டார்.

எதனால் என்று கேட்டால் மோட்டார்க்காரரால் சும்மா இருக்க முடியாது. பானெட்டைத் தூக்கினார். பேட்டரி முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதைக் காட்டிவிட்டு விட்டிருக்கலாம். கழற்றி, சுரண்டி, துடைத்து, இறுக்கி மாட்டிவிட்டார்.

இப்போது வண்டி கொஞ்சம் பலமாக முனகியது.

"அப்ப பேட்டரி இல்லையா சார்? வேற எதனால?"

செல்ஃப் மோட்டாரே கீழே இறங்கியது. அதற்குள் இருக்கும் கார்பன் கட்டை தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. தெருமுனைக் கடைக்கு நடந்து போய், தன் கைக்காசில் புதுக் கார்பன் வாங்கி வந்து போட்டார். சொந்தக்காரர் உள்ளே போய் டீ கொண்டு வந்தார். சாவியைத் திருகியதும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. மோட்டார்க்காரருக்குத் தன் குழந்தை நடக்க ஆரம்பித்தது போல சந்தோஷம்.

அப்போதுதான் ஃபோன் அடித்தது.

"எவ்வளவு குறைச்சீங்க?" என்றாள் மனைவி.

"செல்ஃப் போச்சுன்னு குறைக்கலாம்னு பார்த்தேன். இப்ப அது நல்லா எடுக்குது."

"எப்படி எடுக்குது?"

"டீ எல்லாம் கொடுத்தாங்க," என்று அவர் பேச்சை மாற்றினார். அவளும் புரிந்துகொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். "அடுத்த குறையையாவது விட்டு வைங்க."

அடுத்த குறை தானாகவே வந்தது. இன்ஜின் ஓடும்போதும் சார்ஜ் விளக்கு அணையவில்லை. எதனால் என்று சொந்தக்காரர் கேட்டார். எலி கடித்த ஒரு வயரில் கொண்டு போய் விட்டது அந்தக் கேள்வி. அந்த வயரை மாற்றியதும் ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. ஹாரனை அடக்கினால் வைப்பர் நிற்க மாட்டேன் என்றது. வைப்பரை நிறுத்தியபோது முன்விளக்கு இரண்டும் போய்விட்டன. மதியத்துக்கு மேல், டாஷ்போர்டை மொத்தமாக மடியில் வைத்துக்கொண்டு, எந்த வயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மோட்டார்க்காரர் விழித்தார். வண்டியை விற்பவர் யார், வாங்குபவர் யார் என்பதே ஒரு கட்டத்தில் அவருக்குக் குழம்பியது.

"சார் தொழில் என்னன்னு நான் ஃபோன்லயே கேட்டேன் இல்லையா," என்றார் சொந்தக்காரர், டார்ச் பிடித்தபடி. "மோட்டார், கரன்ட் வேலை எல்லாம்னு சொன்னீங்க. அப்பவே நம்பிக்கை வந்துடுச்சு சார்."

அந்தப் பாராட்டில் மோட்டார்க்காரர் பழைய வயர் அத்தனையையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்துவிட்டார்.

சாயங்காலம் வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டினார். விளக்கு எரிந்தது, ஹாரன் அமுக்கியபோது மட்டும் அடித்தது. திரும்பி வந்து வாசலில் பிரேக்கை மிதித்தார். வண்டி யோசித்து யோசித்து, கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மோட்டார்க்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி. கடைசியில் தனக்குச் சரி செய்யத் தெரியாத ஒரு குறை கிடைத்துவிட்டது.

"பிரேக் சரியில்ல. இது என் வேலையும் இல்ல. இதுக்காவது குறைச்சாகணும்."

சொந்தக்காரர் இந்தத் தடவை எதனால் என்று கேட்கவில்லை. "அது பரவாயில்ல சார், பார்த்துக்கலாம்," என்றார் சாதாரணமாக.

அது என்னவோ போல் இருந்தது. இருந்தாலும் திங்கட்கிழமை கண்முன் நின்றது. "சரி, நீங்க சொன்ன விலையே இருக்கட்டும். அட்வான்ஸ் தர்றேன், சாவியைக் கொடுங்க."

"வண்டி வீட்டுக்காரி பேர்ல இருக்கு சார். ஒரு வார்த்தை கேட்டுடறேன். நீங்க அதுக்குள்ள கையைக் கழுவிட்டு வாங்க, குழாய் வண்டிக்குப் பின்னாடி இருக்கு."

மோட்டார்க்காரர் வண்டிக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்தார். முழங்கை வரை கறுப்பு. ஆனால் மனம் லேசாக இருந்தது. வண்டி கிடைத்துவிட்டது, சொன்ன பொய்யும் உண்மையாகிவிட்டது. வாங்கியதும் முதல் வேலையாக அந்த வலப்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வாசல் கதவு திறந்தது. சொந்தக்காரரின் மனைவி ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். வண்டி மறைத்ததால் குழாயடியில் இருந்தவரை அவள் கவனிக்கவில்லை.

"என்னங்க, பிரேக் பட்டறைக்காரர் லைன்ல இருக்கார், வண்டியைப் பார்க்க எப்ப வரலாம்னு கேக்கறார். இவர் கரன்ட் வேலையை முழுசா முடிச்சுட்டாரா, இல்ல அந்தப் பெயின்டர் மாதிரி பாதியிலேயே புரிஞ்சுகிட்டுக் கிளம்பிட்டாரா?"