நாற்காலி குறையாத கப்பல் கம்பெனி

எங்கள் கரையோரக் கப்பல் கம்பெனியின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அதில் கப்பல்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்ளப்பட்டேன். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. எழுதும் அளவுக்குக் கப்பல்கள் இல்லை.

ஆரம்பத்தில் ஒன்று இருந்தது. துறைமுகத்துக்கும் எதிரே தெரியும் தீவுக்கும் நடுவே அரிசி, வெங்காயம், பெண் பார்க்கப் போகிறவர்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்வந்தது. அதே வழியில் இன்னொருவரும் ஒரு கப்பல் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் எங்கள் நிறுவனருக்கும் ஏழாம் பொருத்தம். ஒருநாள் நிறுவனர் அவருடைய கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டார்.

விற்றவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கப்பலை என்னமோ பண்ணிக்குங்க. என் நாற்காலிய மட்டும் யாரும் தொடக்கூடாது."

மறுநாள் காலையில் ஆள் பிடித்து அந்த நாற்காலியைத் தூக்கிவந்தார். நிறுவனரின் மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

"ஒரே கம்பெனி, ஒரே வழி, ரெண்டு கப்பல். நமக்கு நாமே போட்டியா?" என்று உட்கார்ந்தபடியே கேட்டார். கேள்வி நியாயமாகப் பட்டது. ஒரு கப்பலை விற்றார்கள். ஒரே அறையில் இரண்டு முதலாளிகள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்கள் இருவரும் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று முதல் அதுவே எங்கள் மரபாயிற்று. எந்தக் கம்பெனியை வாங்கினாலும் அதன் நாற்காலிகளில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. வடக்குக் கரைக் கம்பெனியை வாங்கினோம். கப்பல்களை விற்றோம், நாற்காலிகளை மாடியேற்றினோம். தெற்குக் கரைக் கம்பெனியை வாங்கினோம். அதற்காகவே இன்னொரு மாடி கட்டினோம். பிறகு இழுவைப் படகுக் கம்பெனி. இழுத்துவர நம்மிடம் இருப்பது ஒரே கப்பல், அதுவும் தானாகவே போய்வருகிறதே என்று இழுவைப் படகுகளையும் கொடுத்துவிட்டோம். இழுவைப் பிரிவு இயக்குநர் மட்டும் இன்றும் தவறாமல் வருகிறார். ஜன்னலோர இடம். நல்ல காற்று.

மிச்சமிருந்த ஒரே கப்பலின் கேப்டன் என் அக்கா புருஷன். அத்தான் பேச்சில் கஞ்சன், கடலில் சூரன். வீடு தீவில். காலையில் கப்பலை எடுத்துக்கொண்டு வருவார், சாயங்காலம் அதே கப்பலில் வீடு திரும்புவார். என் அம்மாவும் அக்காவோடுதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அந்தக் கப்பலில் போய் அம்மாவைப் பார்த்து, திட்டு வாங்கிக்கொண்டு வருவேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் 'கனமில்லாத கம்பெனி' என்ற நாகரிகம் ஊரெங்கும் பரவியது. பெரிய கம்பெனிகள் எல்லாம் எதையாவது விற்று இளைத்துக்கொண்டிருந்தன. நாம் மட்டும் குண்டாக இருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? ஓர் ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். அவர் சட்டையே இஸ்திரி போட்டபடி பிறந்தது போலிருக்கும். மாடி மாடியாக ஏறி இறங்கிவிட்டு, கம்பெனியிலேயே அதிகக் கனமான பொருள் கப்பல்தான் என்று கண்டுபிடித்தார். அதுவரை யாருக்கும் இது தோன்றவில்லை என்பது வியப்புத்தான்.

அத்தானைக் கூப்பிட்டார்கள். எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்ததால் அவர் நின்றார்.

"கேப்டன், உங்க கப்பல் டீசல் குடிக்குதா?" என்று ஆரம்பித்தார் ஆலோசகர்.

"குடிக்குதுங்க."

"துருப்பிடிக்குதா?"

"தண்ணியிலயே நிக்குது, பிடிக்காம என்ன செய்யும்?"

"இந்த ரூம்ல இருக்கற நாற்காலி எதாவது டீசல் குடிச்சு நீங்க பாத்ததுண்டா?"

அத்தான் எல்லா நாற்காலிகளையும் ஒருமுறை பார்த்தார். "இல்லீங்க."

"அப்ப நஷ்டம் எங்கேருந்து வருதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நன்றி."

"சார், கப்பல் இல்லாம தீவுக்கு எப்படிப் போறது? என் வீடு அங்க இருக்குங்களே."

"அது உங்க குடும்ப விஷயம்," என்றார் கம்பெனியின் தலைவர். "அதை இங்க கொண்டுவராதீங்க."

கப்பல் போயிற்று. அத்தானுக்கு ஒரே ஒரு சலுகை கிடைத்தது. வாங்கியவர்கள் போகிற வழியில் அவரைத் தீவில் இறக்கிவிட்டார்கள்.  வரலாற்றில் நான், 'இவ்வாண்டு நிறுவனம் பெரும் சுமையிலிருந்து விடுபட்டது' என்று எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது என்றார்கள்.

அத்தான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கரையில் கிடந்த பழைய படகு ஒன்றைப் புரட்டிப் போட்டு ஓட்டையை அடைத்தார். தீவுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எஞ்சின் வாங்கிக் கொடுத்தார்கள். படகு ஓட ஆரம்பித்தது. வெங்காயம் போயிற்று, ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றிப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தபோது, அந்தப் படகில்தான் அத்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தப் படகு இல்லையென்றால் இன்று எனக்கு அம்மா இல்லை.

இப்படியாக அந்தப் படகு பேர் வாங்கியது. பேர் வாங்கினால் எங்கள் கம்பெனியின் காதுக்கு எட்டாமல் இருக்குமா?

"நம்ம வழித்தடத்துல எவனோ படகு விடறானாமே!" என்று தலைவர் பதறினார். வழித்தடத்தில் நாம் எதையும் விடவில்லை என்பதை யாரும் நினைவூட்டவில்லை. வாங்கிவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

பேச்சுவார்த்தைக் குழு அத்தானின் படகிலேயே ஏறித் தீவுக்குப் போனது. நானும் போனேன், வரலாறு நடக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று. பள்ளிக்கூட வராந்தாவில் தீவே கூடியிருந்தது. எல்லோர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அக்காதான் ஆரம்பித்தாள். "இருந்த ஒரு கப்பலையும் வித்து முழுங்கிட்டு, இப்ப படகையும் முழுங்க வந்திருக்கீங்களா? வெக்கமா இல்ல?"

சபாஷ் என்று மனசுக்குள் கை தட்டினேன். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, எங்க கம்பெனியில ஒரு மரபு உண்டு. யாரை வாங்கினாலும் அவங்க நாற்காலிக்குக் குறை வைக்க மாட்டோம்."

வராந்தா கொஞ்சம் அமைதியானது. மளிகைக்கடைக்காரர் மெல்ல எழுந்தார். "இந்தப் படகுக்கு நாங்க எல்லாருமே காசு போட்டிருக்கோம். அப்ப நாற்காலி?"

"எல்லாருக்கும்."

"சக்கரம் வச்சதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சுத்தும்கூட."

"அதெல்லாம் சரிங்க, படகை யார் ஓட்டறது?" என்று அத்தான் கத்தினார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"நீங்க சும்மா இருங்க. இத்தனை வருஷம் உப்புக்காத்துல நின்னது போதாதா? இயக்குநர் பெண்டாட்டின்னு என்னை நாலு பேர் கூப்பிட்டா உங்களுக்குப் பொறுக்காதோ?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

படகின் கடைசிப் பயணங்கள் முழுக்கத் தீவுக்கு நாற்காலி ஏற்றிப்போனதுதான். எல்லாவற்றையும் இறக்கிய பிறகு படகு விற்கப்பட்டது. இனியும் போட்டி முளைக்கக்கூடாது என்று, தீவில் கிடந்த மற்ற படகுகளையும் ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தோம். அவையும் போயின.

நேற்று அக்கா போன் பண்ணினாள்.

"அம்மாவுக்கு மறுபடியும் காய்ச்சல்டா. சீக்கிரம் ஒரு படகு அனுப்பு."

"அதுக்கு இயக்குநர்கள் கூடித் தீர்மானம் போடணும்க்கா."

"நாங்கதானடா இயக்குநர்கள்! இங்க தடுக்கி விழுந்தா இயக்குநர் மேலதான் விழணும்."

"கூட்டம் தலைமையகத்துலதான் நடக்கணும். விதி அப்படி."

"அங்க எப்படி வர்றது?"

"அதான் தெரியல. அத்தான் என்ன சொல்றார்?"

"என்ன சொல்வார்? நாற்காலியத் துறையில போட்டுக் கடலையே பாத்துட்டிருக்கார். ரெண்டு நாளா யார்கிட்டயும் பேச்சில்ல."

 அம்மா இருமுவது போனில் கேட்டது.  அப்போது அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"டேய், இன்னொரு விஷயம். மளிகைக்கடைக்காரன் பெண்டாட்டிக்கு வந்த நாற்காலி எங்களோடதைவிட உசரமா இருக்கு. அது எப்படின்னு முதல்ல விசாரி."

விசாரிக்க இழுவைப் பிரிவு இயக்குநரின் அறைக்குப் போனேன். நாற்காலி ஒதுக்கீட்டை இப்போது அவர்தான் பார்க்கிறார். அக்காவின் புகாரைச் சொன்னேன். போனதுதான் போனோம் என்று, என் நாற்காலிக்குக் கைப்பிடியே இல்லை என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன்.