கியூசி அக்காவின் குட்டை மேசை

மலாக்கா மாநிலத்திலேயே பிள்ளைகளின் வாயை அளந்து பலகாரம் செய்த ஒரே மனுஷி எங்கள் கியூசி அக்காதான். வேறு யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள்; தோற்றுப்போய்த் திரும்புவார்.

பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில், பொருள்களின் தரம் பார்க்கும் கியூசி வேலை அவருக்கு. வாரமெல்லாம் குறை தேடிய கண், சனி ஞாயிறில் மட்டும் சும்மா இருக்குமா? எங்கள் தாமான் குடியிருப்பில் எந்த வீட்டில் பிறந்தநாள் என்றாலும், கேக் வெட்டுவதற்கு முன் பிள்ளைகள் கொறிக்கும் அயிட்டங்கள் அக்காவின் பொறுப்பு. உள்ளே மசாலா வைத்துப் பொரித்த குட்டிக் கறிபாப், குச்சியில் குத்திய கோழி உருண்டை, நட்சத்திரமாக வெட்டிய சார்டின் ரொட்டி. ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து அளப்பார். மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால், "ரிஜெக்ட்!"

ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டு கடி கடிச்சா பாதி கீழ விழும் தம்பி. மீதிய உங்க சோபாவுல தொடைப்பானுங்க."

ரிஜெக்ட் ஆனதெல்லாம் பெரியவர்களுக்கு. அதனால் அக்காவின் கை கொஞ்சம் தவற வேண்டுமென்று தாமான் ஆண்கள் நாங்கள் வேண்டிக்கொள்ளாத சாமியில்லை.

பிள்ளைகள் தட்டில் நாங்கள் கை வைப்பதைத் தடுக்க, ஒரு நல்ல மேசையின் நான்கு கால்களையும் ரம்பத்தால் பாதியாக அறுத்துவிட்டார். மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டும். எங்களுக்கு முதுகு போகும். ஒரு விருந்துக்கு எங்கள் கோயில் தலைவர் வந்திருந்தார். நேராக மேசைக்குத்தான் போனார்.

"தலைவரே, அது பிள்ளைங்க மேச."

"ஒண்ணே ஒண்ணுலா, கியூசி."

"குனிஞ்சி எடுக்க முடிஞ்சா எடுத்துக்குங்க."

தலைவர் குனிந்தார். எடுத்தார். நிமிரத்தான் முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். அவ்வளவு வலியிலும் கோழி உருண்டையை அவர் விடவில்லை.

அக்காவுக்கு இன்னொரு சட்டம் உண்டு. அவர் மேசை போட்ட விருந்துக்கு வெளிச் சாப்பாடு வரக்கூடாது. அதில்தான் என் மகள் யாழினி மாட்டினாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. பக்கத்து வீட்டு விருந்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்தாள். அக்கா என்னிடம் பாய்ந்து வந்தார்.

"என்னா தம்பி இது? என் அயிட்டம் நல்லால்லன்னு புள்ளைக்கு டப்பா கட்டிக் குடுத்தீங்களா?"

"இல்லக்கா. அவளுக்கு முட்ட ஆவாது. கொஞ்சம் பட்டாலே மொகம் வீங்கிரும். எந்தப் பார்ட்டிக்குப் போனாலும் டப்பாதான்."

அக்கா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். நான்கு பிஸ்கட். விறுவிறுவென்று போய்விட்டார்.

மறுநாள் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்து, யாழினிக்கு எது ஆகும், எது ஆகாது என்று என் மனைவியிடம் ஒரு மணி நேரம் விசாரித்து எழுதிக்கொண்டார். எதற்கென்று சொல்லவில்லை.

அடுத்த மாதம் எதிர்வீட்டுப் பிறந்தநாள். யாழினி வழக்கம்போல் டப்பாவோடு வந்தாள். அக்கா அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து டப்பாவை வாங்கிக்கொண்டார்.

"போயி சாப்புடு கண்ணு."

"எதை ஆன்ட்டி சாப்புடலாம்?"

"எல்லாத்தையும்."

நான் குறுக்கே பாய்ந்தேன். "அக்கா..."

"ஒரு துளி முட்ட இல்ல தம்பி. சோள மாவுலதான் பெரட்டுனேன். பாத்திரங்கூட புதுசு. எல்லாப் புள்ளைங்களுக்கும் இன்னிக்கு அதேதான்."

யாழினி மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு இரண்டு கையாலும் எடுத்தாள். மற்ற பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது நான் மட்டும்தான்.

மறுநாள் அவளுக்கு வயிற்றுவலி. கிளினிக்கில் டாக்டர் பதறி, "அலர்ஜியா?" என்றார்.

"இல்ல டாக்டர். பதினாலு கோழி உருண்டை."

இப்போது யாழினிக்குப் பதினைந்து வயது. முட்டை ஒத்துக்கொள்கிறது. அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஜாசினில் மகள் வீட்டில் இருக்கிறார். பிறந்தநாளுக்கு யாரையும் கூப்பிட வேண்டாம் என்கிற யாழினி, அன்று காலையில் மட்டும் என்னைக் காரை எடுக்கச் சொல்வாள். ஜாசினுக்கு அரை மணி நேரம். ஒரு வருஷம்கூட நான் முடியாது என்று சொன்னதில்லை.