சகலையின் வேனும் தையல்காரரின் பஸ்ஸும்

கட்டில் பஸ் வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே மாட்டிக்கொண்டு நின்றது. தையல்காரர் பஸ்ஸின் உட்புறத்தை அங்குலம் அங்குலமாக அளந்திருந்தார். வாசலைத்தான் அளக்கவில்லை.

"ஊர்ல இருக்கிற இடுப்பையெல்லாம் அளக்கத் தெரியுது, ஒரு வாசலை அளக்கத் தெரியலையே!" என்றாள் மனைவி.

எல்லாம் அந்தச் சகலையால் வந்த வினை. மனைவியின் தங்கை புருஷன். மூன்று மாதமாக வேனுக்குள் கட்டில், அடுப்பு சகிதம் ஊர் ஊராகச் சுற்றுகிறான். தினமும் காலையில் ஒரு போட்டோ அனுப்புவான்: ஏரிக்கரை, மடக்கு நாற்காலி, கையில் டீ. "ராஜா வாழ்க்கை!" என்று சொந்தபந்தமெல்லாம் உருகும். தையல்காரருக்கு வயிறு எரியும். பொறாமைதான், அவரே ஒப்புக்கொள்வார். ஆனால் நியாயமான பொறாமை என்பார்.

வேன் என்ன வேன்? பள்ளிக்கூடத்தில் கழித்துக்கட்டிய பஸ்ஸையே வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியா வீட்டிலிருந்து வருகிறார்கள். அதற்குள் தயாராக வேண்டும். சகலையின் முகம் சுருங்குவதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும்.

கட்டில் கால்களை அறுத்தார். உள்ளே போய்விட்டது, ஆனால் தரையோடு தரையாகக் கிடந்தது. முட்டுக்கொடுக்கத் தையல் மேஜையை ஏற்றினார். இப்போது படுத்தால் மூக்கு கூரையில் இடித்தது. மேஜை உள்ளே போனதால் மெஷினும் உள்ளே போனது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் குனிந்தபடியே நிற்க, சட்டை ஒரு சாண் குட்டையாக வந்தது.

கழற்றிய முப்பது சீட்டுகளும் வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டன.

"நான் எந்தப் பக்கமா சமையல்கட்டுக்குப் போறது?"

"சீட்டு மேல ஏறிப் போயேன்!"

"ஏறிப் போறேன். உங்க சாப்பாடு மட்டும் ஜன்னல் வழியாதான் வரும்."

பஸ்ஸுக்குப் பூட்டு கிடையாது. மெஷினுக்குக் காவலாக அவரே அங்கே படுத்தார். சட்டைகள் கம்பியில் தொங்கின, அடுப்பும் வந்து சேர்ந்தது. முதுகு பிடித்துக்கொண்டது. இருந்தாலும் சகலையின் வேனுக்கு இவ்வளவு நீளம் உண்டா என்று நினைத்தபோது வலி பாதி குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியா மட்டும் வந்து இறங்கினாள்.

"சகலை எங்கம்மா?" தையல்காரர் ஏமாற்றத்தோடு தெருமுனை வரை தேடிப் பார்த்தார்.

அவள் நேரே பஸ்ஸிடம் போனாள். பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டில், அடுப்பு, கம்பியில் சட்டைகள், ஜன்னலில் அவர் சாப்பிட்டு வைத்த தட்டு. திரும்பி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவாயில்லக்கா, உனக்கு மனசு பெருசு. நீ பஸ் குடுத்துத் துரத்தியிருக்கே. நான் அந்த மனுஷனை வெறும் வேனோடதான் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்!"